கருவுற்ற மகளிர் சோகையும் லூசி வில்ஸ் அம்மையார் ஆராய்ச்சியும்

1. முன்னுரை

சூல்கொண்ட பெண் எதனை உண்கின்றாள் என்பது தமிழ் இலக்கியத்திற்குப் புதிய செய்தியன்று. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடிய புறநானூற்று 20-ஆம் பாட்டு, அவன் நாட்டு மண் பகைவர்க்கு வாயாமையைப் புகழ வந்தவிடத்து, வயாவால் மண்ணை விரும்பும் பெண்களைச் சுட்டுகின்றது. மண் தின்னும் வேட்கைக்கும் குருதியில் இரும்புச்சத்துக் குறைதலுக்கும் தொடர்புண்டு என இக்கால மருத்துவம் கூறும். புலவரோ மருத்துவம் கூற வந்தவர் அல்லர்; மன்னனது காவற்சிறப்பைக் கூற வந்தவர். ஆதலின் சூல்மகள் அப்பாட்டில் சான்றாக நிற்கின்றாள். அவள் உடல்நலம் பாட்டின் பொருளன்று. இது பாட்டின் குறையன்று. பிறிதொன்றை நிறுவுதற்குச் சூல்மகளைச் சான்றாக்கும் வழக்கம் தொன்மையானது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்வழக்கம் இக்கால அறிவியல் வரலாற்றிலும் தொடர்கின்றது என்பது எம் கருத்து. இன்று ஃபோலிக் அமிலம் என்றவுடன் பலர்க்கும் நினைவில் எழுவது பிறக்கப்போகும் குழந்தையின் முதுகுத்தண்டு. ஆனால், அப்பொருள் மருத்துவ அறிவிற்குள் புகுந்த வழி அதுவன்று. பம்பாயிலும் சென்னையிலும் ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்துக் குருதி வற்றி இறந்தனர். அவர்கள் ஏன் இறந்தனர் என்று பெண் மருத்துவர் சிலர் வினவினர். அவ்வினாவே அப்பொருளுக்கு வழிகாட்டிற்று. அவ்வினா எழுதற்கு வேண்டிய இடமும் கல்வியும் எங்ஙனம் அமைந்தன, அஃது எவ்வாறு ஆராயப்பட்டது, பின்னர் அவ்வரலாற்றினின்று தாய் எவ்வாறு மறைந்தாள் என்னும் மூன்றனையும் இக்கட்டுரையில் முறையே ஆராய்வோம்.

2. கல்வியும் இடமும்

லூசி வில்ஸ் அம்மையார் 1888-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் நியூனம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்று 1911-இல் தேர்வுகளை முடித்தார். எனினும் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. பெண்கள் தேர்வெழுதலாம், தேறலாம். பட்டம் பெறலாகாது என்பது அப்பல்கலைக்கழகத்தின் அக்கால விதி. அவ்விதி 1948-இல்தான் நீங்கிற்று. அப்பொழுது அம்மையார்க்கு வயது 60. அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் பணியினின்று ஓய்வு பெற்றுவிட்டார்.

1915-இல் அவர் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார். பிற மருத்துவப் பள்ளிகள் பெண்களை ஏற்க மறுத்த காலத்தில், 1874-இல், சோபியா ஜெக்ஸ் பிளேக் முதலியோர் முயற்சியால் தோன்றியது அப்பள்ளி. 1877-இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனை தன் கூடங்களை அப்பள்ளி மாணவியர்க்குத் திறந்துவிட்ட பின்னரே நோயாளரைக் கண்டு பயிலும் வாய்ப்பு அவர்கட்குக் கிட்டிற்று. 1920-இல் வில்ஸ் அம்மையார் தம் 32-ஆம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்று, அம்மருத்துவமனையிலேயே நோய்க்குறி வேதியியல் துறையில் ஆய்வும் ஆசிரியப் பணியும் மேற்கொண்டார். கருவுற்ற காலத்தில் உடலில் நிகழும் வேதி மாற்றங்களே அவருடைய முதல் ஆய்வுப் பொருள்களுள் ஒன்று என்பது நினைவிற் கொள்ளற்குரியது.

இலண்டனில் நிகழ்ந்த இவ்வியக்கத்திற்கும் சென்னைக்கும் நெருங்கிய உறவுண்டு. மேரி ஷார்லீப் அம்மையார் சென்னையில் வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாக வாழ்ந்தபொழுது, ஆண் மருத்துவரை அணுகவியலாது பேறுகாலத்தில் துன்புறும் பெண்களின் நிலையை அறிந்து மருத்துவம் பயில விழைந்தார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களை மாணவியராக ஏற்றபோது முதற்கண் சேர்ந்த நால்வருள் அவரும் ஒருவர். பின்னர் இலண்டன் சென்று அங்குள்ள பெண்கள் பள்ளியில் மேற்பயிற்சி பெற்று மீண்ட அவர் முயற்சியால், 1885-இல் சென்னையில் பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை தோன்றிற்று. சாதிப் பெண்டிர்க்கும் கோஷா முறையினர்க்கும் உரியது என அதன் பெயரே அறிவித்தது. இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பெற்றுத் திருவல்லிக்கேணிப் பகுதியில் விளங்குகின்றது. மக்கள் வழக்கில் இன்றும் அது கோஷா ஆஸ்பத்திரியே.

இம்மருத்துவமனையின் பெயர் இரண்டு செய்திகளைக் கூறுகின்றது. ஒன்று, யார் உள்ளே வரலாம் என்பதைச் சமூகமே வகுத்திருந்தது. மற்றொன்று, ஆண் மருத்துவர் காணவியலாத நோய்களைக் காணும் இடம் ஒன்று உருவாயிற்று. கோஷா முறை பெண்ணை மருத்துவத்தினின்று விலக்கிற்று. அதே முறையால் பெண் மருத்துவர்க்கு மட்டும் திறந்த ஆய்விடம் ஒன்றும் அமைந்தது. இதனைத் தடையின் பெருமையாகக் கொள்ளுதல் தவறு. அவ்வாய்விடத்திற்கு விலையாக நின்றவை, மருத்துவம் எட்டாமல் மாய்ந்த எண்ணற்ற உயிர்கள் என்பதை மறத்தலாகாது.

1885-இல் டஃபரின் சீமாட்டியார் பெயரால் நிதி ஒன்று நிறுவப்பெற்றது. 1914-இல் இந்திய மகளிர் மருத்துவப் பணி தோன்றிற்று. அப்பணியில் தலைமை நிலை வகித்தவருள் ஒருவராகிய மார்கரெட் பால்ஃபர் அம்மையார், பின்னர்ப் பம்பாயில் பேறுகால இறப்புகளை ஆராய முற்பட்டார். அவர் அழைப்பின்பேரிலேயே வில்ஸ் அம்மையார் 1928-இல் இந்தியாவிற்கு வந்தார். அரை நூற்றாண்டாகப் பெண்கள் அமைத்த பள்ளிகளும் மருத்துவமனைகளும் பணியமைப்புகளும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தமையே இவ்வழைப்பைச் சாத்தியமாக்கிற்று. தனியொருவர் கூர்மதியால் விளைந்தது என இவ்வாராய்ச்சியைக் கூறுவார் இப்பிணைப்பைக் காணாதார் ஆவர்.

3. பம்பாயில் எழுந்த வினா

பம்பாய் பரேல் பகுதியில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம், 1899-இல் கொள்ளைநோய் ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பெற்று, 1925-இல் இப்பெயர் பூண்டது. இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகத்தின் பேறுகால இறப்பு விசாரணை அங்கு நிகழ்ந்தது. கருவுற்ற மகளிர் பலர்க்குக் கடுஞ்சோகை தோன்றுதலும், அது பேறுகாலத்தில் உயிர்க்கு இறுதி விளைத்தலும் முன்னரே அறியப்பட்டிருந்தன. அதன் காரணம் மட்டும் விளங்கவில்லை.

அந்நோயில் குருதிச் செவ்வணுக்கள் எண்ணிக்கையிற் குறைந்து, ஆனால் அளவிற் பெருத்துக் காணப்பட்டன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துக் காணப்படும். ஆதலின் இஃது அதனின் வேறு. ஐரோப்பாவில் அடிசன் என்பார் விளக்கிய கொடுஞ்சோகையிலும் அணுக்கள் பெருத்தே தோன்றும். 1926-இல் அமெரிக்க அறிஞர் மைனாட், மர்பி இருவரும் ஈரல் உணவால் அந்நோய் தணியும் எனக் காட்டியிருந்தனர். எனவே பம்பாய்ப் பெண்களின் நோயும் அதன் ஒரு வகையே எனக் கருதுதல் இயல்பாயிற்று. பெயரும் கருப்பகாலக் கொடுஞ்சோகை என்றே வழங்கிற்று.

நோய்க்குக் கிருமியே காரணம் என்றும், கருவினின்று எழும் நஞ்சே காரணம் என்றும் கருத்துகள் நிலவின. வில்ஸ் அம்மையாரும் உடனுழைத்தோரும் இக்கருத்துகளோடு நின்றுவிடாது, நோயுற்ற பெண்கள் யாவர், எங்கு வாழ்கின்றனர், எதனை உண்கின்றனர் என்று வினவினர். தல்படே என்பாருடன் இணைந்து 1930-இல் அம்மையார் வெளியிட்ட ஆய்வு, பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழ்க்கைச் சூழலையும் பற்றியதாகும். வெவ்வேறு வகுப்புப் பெண்களின் உணவை ஒப்புநோக்கியபோது, ஏழை இசுலாமியப் பெண்களின் உணவே மிகக் குறையுடையதாகவும், அவர்களிடையேதான் நோய் மிகுதியாகவும் காணப்பட்டது. நோய் சமயத்தைத் தொடர்ந்து செல்லவில்லை. அடுப்பங்கரையின் வறுமையைத் தொடர்ந்து சென்றது.

இவ்வினா எளியதாகத் தோன்றலாம். ஆயினும் ஏழைப் பெண்ணின் உண்கலத்தை அறிவியற் சான்றாக ஏற்றல் அன்று எல்லார்க்கும் இயல்பாய் அமைந்ததன்று. உணவைக் கேட்டறிய வேண்டுமாயின் வீட்டினுள் புகவேண்டும்; பெண்ணோடு உரையாட வேண்டும்; அவள் கூற்றை நம்பவேண்டும். இம்மூன்றும் பெண் மருத்துவர்க்கும் அவர்க்குத் துணைநின்ற இந்திய ஆய்வாளர்க்கும் இயன்றன. தல்படே, மேத்தா, பிலிமோரியா என்னும் பெயர்கள் அக்கட்டுரைகளின் முகப்பில் வில்ஸ் பெயரோடு இணைந்தே உள்ளன. பின்னாளில் இவ்வரலாற்றைச் சுருக்கி எழுதினோர் பலர் அப்பெயர்களை விட்டுவிட்டனர். முகப்பில் உள்ள பெயரை மறத்தல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று.

4. குன்னூரும் சென்னையும்

1929-இல் வில்ஸ் அம்மையார் தம் ஆய்வைச் சிலகாலம் நீலகிரியில் குன்னூருக்கு மாற்றினார். அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் இராபர்ட் மெக்கரிசன் உணவுச்சத்து ஆய்வுக்குத் தலைவராக இருந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகட்கு ஊட்டி, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டவர் அவர். சென்னைப் பகுதியின் அரிசி உணவு அவ்வொப்பீட்டிற் பின்தங்கி நின்றது. அவ்வாய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்திற்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

1931-இன் தொடக்கத்தில் அம்மையார் சென்னைக் கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். ஷார்லீப் அம்மையார் 1930-இல் மறைந்தார். அவர் நிறுவிய இடத்தில், அவர் பயின்ற அதே இலண்டன் பள்ளியினின்று வந்த மற்றொரு பெண், அடுத்த ஆண்டே ஆய்வு நிகழ்த்தினார். நிறுவனங்கள் தலைமுறைகளை இணைக்கும் திறத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆய்வு நேர்வழியிற் செல்லவில்லை என்பதும் ஈண்டுக் கூறற்பாலது. பம்பாய்ப் பெண்களின் உணவை ஒத்த உணவை எலிகட்கு ஊட்டியபோது அவற்றிற்குச் சோகை தோன்றிற்று. ஆனால் பார்ட்டனெல்லா என்னும் நுண்ணுயிர்த் தொற்றும் அவ்வெலிகளிடத்து இருந்தமை பின்னர்ப் புலனாயிற்று. எனவே உணவாற் பிறந்தது எவ்வளவு, தொற்றாற் பிறந்தது எவ்வளவு எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. அதன்பின் குரங்குகளைக் கொண்டு ஆய்ந்தனர். குறையுணவால் குரங்குகட்கு அணு பெருத்த சோகை தோன்றும் என்பதை 1932-இல் பிலிமோரியாவுடன் இணைந்து அம்மையார் வெளியிட்டார்.

இதற்கிடையில் நோயாளரிடத்துப் பயன் கண்டது ஓர் எளிய பொருள். மதுவடிப்பில் எஞ்சும் ஈஸ்டினின்று செய்யப்படும் மார்மைட் என்னும் சாரம் அது. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவி உண்பது. ஈரல் சாரத்தைவிட விலை குறைந்தது. அதனை உட்கொண்ட பெண்களின் குருதியில் புதிய அணுக்கள் விரைந்து தோன்றின, சோகை தணிந்தது. இம்முடிவு 1931-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. விலையுயர்ந்த மருந்து எட்டாத பெண்ணுக்கு விலை குறைந்த பொருளைத் தேடியமை இவ்வாராய்ச்சியின் அறமும் ஆகும்.

5. பெயர் பெறாத பொருள்

மார்மைட்டில் உள்ள எப்பொருள் நோயைத் தீர்த்தது? அது வைட்டமின் பி தொகுதியைச் சார்ந்த ஒன்றாகலாம் என்பதற்கு அப்பால் அம்மையார் துணிந்து கூறவில்லை. 1937-இல் உடனாய்வாளருடன் அவர் வெளியிட்ட முடிவு மேலும் ஒரு படி சென்றது. அடிசன் சோகையைத் தீர்க்கும் தூய்மைப்படுத்திய ஈரல் சாரம் இந்நோயைத் தீர்க்கவில்லை. தூய்மைப்படுத்தாத ஈரல் சாரமும் ஈஸ்ட் சாரமும் தீர்த்தன. எனவே இருநோய்க்கும் காரணமாகும் குறைகள் வெவ்வேறு என்பது பெறப்பட்டது. ஒன்றே எனக் கருதப்பட்டவை இரண்டு எனப் பிரிந்தன. அறியாத பொருட்கு வில்ஸ் காரணி என்னும் பெயர் சிலகாலம் வழங்கிற்று.

1941-இல் அமெரிக்காவில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகியோர் நான்கு டன் ஸ்பினாச்சுக் கீரையினின்று ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதனை ஃபோலிக் அமிலம் என்றனர். 1945-இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் அதன் கட்டமைப்பு உறுதிப்பட்டு, செயற்கை முறையில் ஆக்கவும்பட்டது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது இவ்வரலாற்றில் மீண்டும் சென்னையைக் கொணர்கின்றது. அடிசன் சோகைக்குரிய பொருளாகிய வைட்டமின் பி 12 அதன்பின் 1948-இற் பிரித்தெடுக்கப்பட்டது.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வை இரட்டித்தல் வேண்டும். அதற்கு ஃபோலேட்டு இன்றியமையாதது. அது குறையின் எலும்பு மச்சையில் அணுக்கள் பிரியாது பெருக்கின்றன, முதிராது அழிகின்றன. கரு வளரும் காலத்தில் தாயின் தேவை மிகும். கீரையும் பருப்பும் ஈரலும் அரிதாகிய உணவில் அத்தேவை நிறைவேறாது. உள்ள சிறிதும் நெடுநேரம் வேகவைப்பின் அழியும். பம்பாயில் 1930-இல் கேட்ட வினாவிற்கு வேதியியல் தந்த விடை இதுவாகும்.

6. தாய் மறைந்த வரலாறு

இதன்பின் ஃபோலிக் அமிலத்தின் வரலாறு இரு பெருவழிகளிற் சென்றது. அதன் செயலைத் தடுக்கும் பொருள்களைக் கொண்டு சிட்னி ஃபார்பர் 1948-இல் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். புற்றுநோய் மருத்துவத்தின் தொடக்கங்களுள் அஃது ஒன்று. மற்றொரு வழி கருவில் உள்ள குழந்தையைப் பற்றியது. ஸ்மிதெல்ஸ், ஹிப்பர்டு முதலியோர் 1960-களில் எழுப்பிய ஐயம், 1991-இல் வெளிவந்த பெரிய ஆய்வால் உறுதிப்பட்டது. 7 நாடுகளில் 33 நிலையங்களில் நிகழ்ந்த அவ்வாய்வு, முன்னர் நரம்புக்குழாய்க் குறையுடைய கருவைச் சுமந்த பெண்கள் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளின் அக்குறை மீண்டும் நேர்தல் 72 விழுக்காடு தவிர்க்கப்படும் எனக் காட்டிற்று. 1998 முதல் அமெரிக்காவில் தானிய மாவில் அதனைச் சேர்த்தல் கட்டாயமாயிற்று.

இவை பெரும்பேறுகள், இவற்றைக் குறைத்துக் கூறுதல் எம் நோக்கமன்று. ஆனால் இப்பேறுகளின் ஒளியில் முதல் வினா மங்கிற்று. மக்கட்கெனத் திரும்பத் திரும்பக் கூறப்படும் செய்தி, குழந்தைக்காகத் தாய் இம்மாத்திரையை உண்ணல் வேண்டும் என்பது. தனக்காகவும் அவள் உண்ணல் வேண்டும் என்பது அச்செய்தியுள் அடங்கிப்போயிற்று. சூல்மகளை மன்னன் பெருமைக்குச் சான்றாக்கினார் புலவர். சேயின் நலத்திற்குக் கருவியாக்கிற்று இக்கால நினைவு. இவ்விரண்டிற்கும் இடையே, அவளையே பொருளாகக் கொண்டு, அவள் ஏன் இறக்கின்றாள் என வினவியது பம்பாய் ஆராய்ச்சி. அதன் சிறப்பு இதுவே என்க.

அவ்வாராய்ச்சிக்கும் எல்லையுண்டு. அயலாட்சியின் கீழ் நிகழ்ந்தது அது. குருதியும் உணவுச் செய்தியும் தந்த பெண்கள் கட்டுரைகளில் எண்களாகவே நிற்கின்றனர். அவர்தம் சொற்கள் நம்மை எட்டவில்லை. அவர்களை நோய்க்கு ஆளாக்கிய வறுமையை மாற்றும் ஆற்றல் ஆய்வுக்கூடத்திற்கு இல்லை. வில்ஸ் அம்மையார் ஓய்வின்பின் ஜமைக்கா, பிஜி முதலிய நாடுகளில் உணவும் சோகையும் பற்றி ஆய்ந்ததோடு, இலண்டன் செல்சி மன்றத்தில் தொழிற்கட்சி உறுப்பினராகவும் பணியாற்றினார். நோயின் வேர் ஆய்வுக்கூடத்திற்கு வெளியேயும் உளது என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனக் கொள்ளல் பொருந்தும். 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ஆம் நாள் அவர் மறைந்தார்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. முதலாவது, பெண்களின் நோய் பற்றிய அறிவு பெண்கள் கல்வி பெற்றமையாலும், அவர்கட்கென நிறுவனங்கள் அமைந்தமையாலும் விளைந்தது; பட்டம் மறுத்த பல்கலைக்கழகமும், அரை நூற்றாண்டு முன்னர்த் தோன்றிய பள்ளியும், சென்னையில் எழுந்த மருத்துவமனையும் இவ்வரலாற்றின் உறுப்புகள். இரண்டாவது, ஏழைப் பெண்ணின் உணவைச் சான்றாக ஏற்றதே இவ்வாராய்ச்சியின் திருப்புமுனை. மூன்றாவது, அவ்வறிவு வளர்ந்து பரந்த பின்னர் அதன் தொடக்கத்தில் நின்ற தாய் நினைவினின்று நீங்கினாள்.

இது பழங்கதையன்று. 2019–21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கருவுற்ற மகளிருள் 52.2 விழுக்காட்டினர் சோகையுடையர். அவர்கட்கு அரசு வழங்கும் மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராமும் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராமும் உள்ளன. 180 நாள் உண்ணல் வேண்டும் என்பது விதி. அவ்விரும்பும் அமிலமும் ஒரே மாத்திரையில் இணைந்திருத்தல், இருவகைச் சோகையை வேறுபடுத்தி அறிந்த நெடிய ஆராய்ச்சியின் விளைவாகும். ஆயினும் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் சோகையுற்றிருத்தல், மாத்திரை மட்டும் போதாமையைக் காட்டுகின்றது. அவள் என்ன உண்கின்றாள், குடும்பத்தில் யார் உண்டபின் உண்கின்றாள் என்னும் வினாக்களை மீண்டும் எழுப்புதல் வேண்டும்.

தமிழ் ஆய்வாளர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. வயா, சூல், பேறுகாலம், பத்திய உணவு, தாய்வீட்டு வழக்கம் ஆகியன பற்றிய செய்திகள் நம் இலக்கியத்திலும், தாலாட்டிலும், ஒப்பாரியிலும், மருத்துவ நூல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுக்குங்கால், பிறர் புகழுக்குச் சான்றாக அன்றி, அவற்றில் நடமாடும் பெண்களின் வாழ்வுக்குச் சான்றாகக் கொண்டு வகைப்படுத்துதல் தகும். அவர்கள் உண்டது யாது, உண்ணாதது யாது என்று அப்பனுவல்களை வினவுவார்க்கு விடை கிடைத்தல் கூடும்.